கடையில் கூட்டம், லாச்சியில் காசு இல்லை

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஐந்து மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். நானும் கணவரும் விடியற்காலை நாலு மணிக்கே இறங்கிவிடுவோம். ரொட்டி போட ஒரு பாஸ், கழுவித் துடைக்க ஒரு அக்கா. தோட்டச் சம்பளம் விழுந்த பிறகு ஒரு 11 நாளைக்கு நாளொன்றுக்கு 33,000 ரூபா வியாபாரம் நடக்கும். மிச்சம் 15 நாளும் 19,000 அளவுதான். சாமானுக்கு நாளுக்கு 13,500, பாஸுக்கு 3,000, அக்காவுக்கு 1,500. மாதத்துக்குக் கடை வாடகை 35,000, கேஸ் 36,000, கரண்டும் தண்ணீரும் 14,000, சில்லறைச் செலவு 15,000. இது போக ஆட்டோ லீசிங் 28,000, கிழமைக்கு 5,000 சீட்டு. வீட்டில் மாமி, இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். கடையில் எப்போதும் ஆள் இருக்கிறது. ஆனாலும் பலசரக்குக் கடையில் 186,000 ரூபா பாக்கி. எங்கள் கடன் கொப்பியில் வரவேண்டியது 92,000. இந்த நிலையில் கணவர், மேல் மாடியையும் 20,000 வாடகைக்கு எடுத்து, 10 இலட்சம் கடன் வாங்கிக் கடையைப் பெருப்பிக்கலாம் என்கிறார். 18 வீத வட்டி, நாலு வருடம். எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் சாமான் வாங்கும் விலை, விற்கும் விலை எல்லாம் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். விலையை ஏற்றலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கை இவ்வளவு விவரமாக எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மேல் மாடி இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைப் பிறகு எண்களோடு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மாதத்தை ஒரு தடவை கூட்டிப் பார்ப்போம்.

நல்ல நாட்கள் 11, மந்தமான நாட்கள் 15 என்று எடுத்தால் மாத வியாபாரம் 648,000 ரூபா. சாமான் 351,000, கூலி 117,000. வாடகை, கேஸ், கரண்ட், சில்லறைச் செலவு சேர்ந்து சரியாக ஒரு இலட்சம். மிச்சம் 80,000. ஊழியர் சேமலாப நிதியை நீங்கள் எழுதவே இல்லை. கட்டுவதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓர் ஆள் வேலை செய்தாலும் அது கட்டவேண்டும். முதலாளி பங்கு 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், ஆக 117,000க்கு 17,550 ரூபா. பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். பாஸ் என்றைக்காவது கோபித்துக்கொண்டு போய்த் தொழில் திணைக்களத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் பழையதெல்லாம் சேர்த்துக் கட்டவேண்டி வரும். அதையும் கழித்தால் மாதம் 62,000 சொச்சம். விடிய நாலு மணிக்கு எழும்பி இரவு கடை சாத்தும்வரை நிற்கிற இரண்டு பேருக்கு இதுதான் சம்பளம்.

இதிலிருந்து லீசிங் 28,000 போகிறது, சீட்டு 21,000க்கு மேல் போகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மிஞ்சுவது 13,000. மாமியின் மருந்து, பிள்ளைகளின் டியூஷன், பஸ் காசு, கோயில் திருவிழா, கல்யாண வீட்டு மொய் எல்லாம் இதற்குள் அடங்காது. அப்போது என்ன நடக்கிறது? லாச்சியில் இருந்து 500, 1,000 என்று எடுக்கிறீர்கள். சாமானுக்கு வைத்த காசு குறைகிறது. பலசரக்குக் கடையில் “கொப்பியில் போடுங்கள் அண்ணே” என்கிறீர்கள். ஆகவே அந்த 186,000 கடையின் கடன் மாதிரித் தெரிந்தாலும் உள்ளபடி வீட்டுக் கடன்தான். வியாபாரம் நட்டத்தில் ஓடுகிறது என்று நினைத்துப் பெரிதாக்கப் பார்த்தால் வைத்தியம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உங்கள் தாளில் இல்லை. வீட்டார் ஐந்து பேரும் கடைச் சாப்பாடுதானே? நாளுக்கு இரண்டு வேளை, தட்டுக்கு 120 ரூபா மூலப்பொருள் என்று குறைத்தே வைத்தாலும் 26 நாளில் 31,200 ரூபா. அது சாமான் செலவுக்குள் ஒளிந்து கிடக்கிறது. கடை உங்களுக்குத் தருவது 62,000 அல்ல, சாப்பாட்டோடு சேர்த்தால் 93,000. கடைக்காரர் கடையில் சாப்பிடுவது பிழையில்லை, சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் கொப்பியில் “வீடு, 10 தட்டு” என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். எழுதாதவரை சமையலில் எங்கே விரயம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சாமான் செலவு உங்கள் வியாபாரத்தில் 54 வீதம். ஹோட்டல் தொழில் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு அது சரி. மலையகத்தில் சோற்றுப் பார்சல் விற்கிற கடைக்கு 45 வீதம் வந்தாலே நான் கைகொடுப்பேன். 54லிருந்து 48க்கு இறக்கினாலே மாதம் கிட்டத்தட்ட 39,000 ரூபா மிஞ்சும். அந்தக் காசு அடுப்படியிலேயே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய விலைகளை வைத்து ஒரு மரக்கறிப் பார்சலைப் பிரித்துப் பார்த்தேன். அரிசி 200 கிராம், கிலோ 240 ரூபாப்படி 48. பருப்பு 40 கிராம் 13. பாலுக்கும் சம்பலுக்குமாகத் தேங்காய் ஆறில் ஒரு பங்கு 30. இரண்டு மரக்கறி சேர்த்து 120 கிராம் 36. எண்ணெய், தூள், வெங்காயம், தாளிசம் 20. அப்பளம் 7. லஞ்ச் சீட், பேப்பர், பை 10. மொத்தம் 164. விற்பது 300. கையில் நிற்பது 136.

இப்போது கோழிப் பார்சல். மேலே சொன்ன 164, அதோடு 100 கிராம் துண்டு ஒன்று கிலோ 1,200 விலையில் 120, மசாலா எண்ணெய்க்கு ஒரு 12. ஆக 296. விற்பது 450. நிற்பது 154. மரக்கறிப் பார்சலைவிட 18 ரூபாதான் கூட. அதுவும் கிலோவுக்குப் பத்துத் துண்டு வந்தால். கோழியை வெட்டுவது யார்? உங்கள் கணவர் என்று நினைக்கிறேன். கை தாராளமாகி எட்டுத் துண்டு விழுந்தால் ஒரு துண்டு 150 ரூபா ஆகிவிடும். நிற்பது 124. அதாவது கோழி விற்று, மரக்கறி விற்றதைவிடக் குறைவாக உழைக்கிறீர்கள். கோழிப் பார்சல் எத்தனை போனது என்று நீங்கள் சந்தோஷமாக எண்ணுகிற நாளில்தான் இது நடக்கிறது.

ஆகவே ஒரு தராசு வாங்குங்கள். டிஜிட்டல் தராசு சின்னது போதும், அதை வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். சோற்றுக்கு ஒரே கோப்பை, கறிக்கு ஒரே அகப்பை, பாஸ் போட்டாலும் அக்கா போட்டாலும் அதே அளவு. கூடச் சோறு கேட்பவருக்குத் தாராளமாகக் கொடுங்கள், கேட்காதவர் தட்டில் மலை மாதிரிக் குவிக்கவேண்டாம். அது கடைசியில் பன்றிக்காரரின் வாளிக்குத்தான் போகிறது. பகல் இரண்டரை மணிக்குச் சட்டியில் என்ன மிச்சம் என்பதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கோழி எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு மாதக் கொப்பி போதும், பிறகு அந்த நாளுக்கு வாங்கும் கிலோவைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கலாம். மழை கொட்டி, பஸ் ஓடாத நாளில் எல்லாச் சோற்றையும் பத்து மணிக்கே வடித்துவிடாமல் பாதியைப் பன்னிரண்டுக்கு ஏற்றுங்கள்.

தேத்தண்ணிக்கு வருவோம். பிளேன்டீ 50 ரூபா. சீனி, தூள், வெந்நீர் எல்லாம் சேர்த்து 10 ரூபாவுக்கு மேல் போகாது. நிற்பது 40. நாலு பிளேன்டீ விற்றால் 160, ஒரு கோழிப் பார்சலைத் தாண்டிவிட்டது. தேயிலை விளைகிற ஊரில் தேத்தண்ணிதான் கடையைக் காப்பாற்றுகிறது என்பதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. பால் தேத்தண்ணி அப்படியில்லை. மாப்பால் 20 கிராம் போட்டால் அதுவே 55 ரூபா, மற்றதோடு 65. நீங்கள் விற்பது 120. அகப்பைக் கரண்டியால் மாப்பால் அள்ளுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், தேக்கரண்டி வையுங்கள்.

விலை ஏற்றலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிளேன்டீயில் கை வைக்காதீர்கள். டவுனில் பத்து ரூபா கூடினால் அன்று மாலையே எல்லா ஆட்டோக்காரருக்கும் தெரிந்துவிடும். கோழிப் பார்சலை 480 ஆக்கலாம், பால் தேத்தண்ணியை 130 ஆக்கலாம். மரக்கறிப் பார்சல் 300லேயே இருக்கட்டும், அதை நம்பித்தான் கடைப் பெடியன்களும் கொழுந்து லொறிக்காரர்களும் வருகிறார்கள். லீக்ஸ், கோவா, கரட் மலிவாக இருக்கும்போது அதையே இரண்டு கறியாக்குங்கள். போஞ்சி விலை ஏறிய கிழமையிலும் “வழக்கமான கறி” என்று போஞ்சியே சமைப்பது உங்கள் காசு. நுவரெலியா பக்கம் தோட்டம் செய்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால், முறிந்த கரட், சின்ன உருளைக்கிழங்கு எல்லாம் கறிக்கு நல்லதுதான், விலை பாதி. கடைக்காரர்கள் வெட்கப்பட்டு வாங்குவதில்லை, ஏனென்று விளங்கவில்லை.

கேஸ் 36,000 என்பது கூட. இதற்கு ஊரின் உயரமும் ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி வந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் பருப்பும் கடலையும் வேகக் கொழும்பைவிட அதிக நேரம் எடுக்கும். பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள். கடலையை முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். வெந்நீரையும் சோற்றையும் விறகு அடுப்புக்கு மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள், தேயிலை வேர்க் கட்டை நின்று எரியும். புகைபோக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். ஒவ்வொரு சிலிண்டரிலும் மாட்டிய திகதியைச் சோக்கால் எழுதுங்கள். இத்தனை நாள் வந்த சிலிண்டர் திடீரென்று ஒரு நாள் குறைந்தால் ரெகுலேட்டரையோ குழாயையோ பார்க்கவேண்டும்.

சரி, இனிக் காசை எப்படிப் பிரிப்பது? பட்ஜெட் என்றவுடன் மாதத்துக்கு ஒரு தாள் எழுதுகிறார்கள். மலையகக் கடைக்கு அது பொருந்தாது. இங்கே மாதம் இரண்டாக உடைந்து கிடக்கிறது. 10ஆம் திகதி வாக்கில் சம்பளம், அதற்குப் பிறகு ஒரு பெருக்கு, பிறகு வற்றல். வாடகையும் கரண்ட் பில்லும் இந்த ஏற்ற இறக்கம் பார்த்து வருவதில்லை.

வாடகை, கரண்ட், சேமலாப நிதி, கேஸ் நாலும் சேர்ந்து உங்களுக்கு மாதம் 102,500 சொச்சம். இதற்கு ஒரு பூட்டுப் பெட்டி வையுங்கள். சம்பளத்துக்குப் பிந்திய 11 நாளும் கடை சாத்தும்போது முதலில் 6,000 எடுத்துப் பெட்டியில் போடுங்கள். மற்ற 15 நாளும் 2,500. கூட்டிப் பாருங்கள், 103,500 வரும். அந்தப் பெட்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும், கணவரிடம் வேண்டாம். அவரைக் குறை சொல்லவில்லை. நண்பர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராத மனிதர் என்பது கடன் கொப்பியிலேயே தெரிகிறது.

அடுத்தது வீட்டுக்குச் சம்பளம். ஞாயிறு இரவு ஒரு தொகை எடுங்கள், அது தவிர லாச்சியைத் தொடக்கூடாது. கிழமைக்கு 14,000 என்று தொடங்கலாம். லீசிங்கில் பாதியைக் கடையில் எழுதுங்கள், அந்த ஆட்டோதானே சாமானும் ஏற்றுகிறது. மற்றப் பாதி வீட்டுக் காசிலிருந்து போகவேண்டும். சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை கேட்டு எடுத்துவிடுங்கள். புதிதாக ஒன்றில் சேரவேண்டாம்.

அந்தச் சீட்டுக் காசு எங்கே போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: பலசரக்குக் கடைக்கு. உங்கள் தாளிலேயே அரிசி ரொக்க விலை 230, கடன் விலை 240 என்று இருக்கிறது. பருப்புக்கும் அப்படித்தான். நாளுக்கு 15 கிலோ அரிசி என்றால் அரிசியில் மட்டும் மாதம் 3,900 ரூபா, பெயர் தெரியாத வட்டி. ஒரு இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். மிச்சத்தைக் கிழமைக்கு 4,000 படி தருகிறோம், இன்றிலிருந்து வாங்குவது எல்லாம் ரொக்கம், ரொக்க விலை போடுங்கள் என்று சொல்லுங்கள். எந்த முதலாளியும் ஒத்துக்கொள்வார்.

வரவேண்டிய 92,000 முழுவதும் வராது. பாதி வந்தால் நல்லது என்று மனதில் வையுங்கள். பழைய பக்கத்தை அப்படியே நிறுத்தி, புதுப் பக்கத்தில் ஆளுக்கு 2,000க்கு மேல் இல்லை என்று எழுதுங்கள். கேட்கப் போகும் நாள் 10ஆம் திகதிக்கும் 13ஆம் திகதிக்கும் இடையில் இருக்கட்டும். 20ஆம் திகதி போய்க் கேட்டால் வாய்ச்சண்டை மட்டும்தான் கிடைக்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கடுமை காட்டவேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிற நாட்களில் அவர்கள் கையில் உண்மையிலேயே காசு இருக்காது. தீபாவளிக்கு எடுத்த அட்வான்ஸும் அந்த மாதங்களில்தான் சம்பளத்தில் வெட்டுப்பட்டுக் கொண்டிருக்கும். அதே மாதங்களில் சிவனொளிபாதமலை சீசன் நடக்கிறது, டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை. உங்கள் டவுன் மஸ்கெலியா வீதியில் இருந்தால் இரவு வேன்காரர்களுக்குத் தேத்தண்ணி, ரொட்டி, கட்டச் சம்பல் என்று ஒரு மேசை போட்டு அந்த ஓட்டையை அடைக்கலாம். அவர்கள் கடன் கேட்கமாட்டார்கள்.

நல்ல நாளில் மேலும் 1,000 எடுத்து வங்கியில் போடுங்கள். 2022இல் கேஸ் வரிசையில் நின்றதும், அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியதும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது ரோட்டும் ரயில் பாதையும் மண்சரிவில் போய்விட்டன. கடை திறந்திருந்தாலும் சாமானும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வாடகை மட்டும் தவறாமல் வந்தது.

இனி மேல் மாடி. 10 இலட்சம், 18 வீதம், நாலு வருடம் என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 29,400. மாடி வாடகை 20,000. மேலே கீழே ஓட இன்னொரு ஆள் வேண்டும், நாளுக்கு 1,800 என்றால் 46,800. ஆக மாதம் 96,000க்கு மேல் புதுச் செலவு. இப்போது நீங்கள் 100 ரூபாவுக்கு விற்றால் சாமானும் கேஸும் போக 40 ரூபாதான் நிற்கிறது. அப்படியானால் இந்தச் செலவை மட்டும் ஈடுகட்ட மாதம் 240,000 ரூபா கூட விற்கவேண்டும், அதாவது நாளுக்கு 9,000க்கு மேல். இலாபத்துக்கு அல்ல, தவணைக்கும் வாடகைக்கும் கூலிக்கும் மட்டும். 19,000 நடக்கிற மந்த நாளில் 28,000 எங்கிருந்து வரும்? அந்த நாட்களில் கீழே உள்ள ஐந்து மேசையே நிரம்புவதில்லையே.

கணவர் கேட்பார், சம்பளக் கிழமையில் ஆட்கள் இடமில்லாமல் திரும்பிப் போகிறார்களே என்று. நியாயமான கேள்விதான். ஒரு மாதம் எண்ணச் சொல்லுங்கள், அதுவும் அவரையே. பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எத்தனை பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று. பெரும்பாலும் பார்சல் வாங்க வந்து வரிசை நீளமாக இருந்ததால் போனவர்களாகத்தான் இருக்கும். அதற்கு மாடி தேவையில்லை. பார்சலுக்கு வாசலோரம் தனி மேசை ஒன்றும், பதினொன்றரைக்கே கட்டி வைத்த முப்பது பார்சலும் போதும்.

மூன்று மாதம் இப்படி எழுதி, சாமான் செலவு 48 வீதத்துக்குக் கீழே வந்து, பலசரக்குக் கடைப் பாக்கியும் தீர்ந்த பிறகும் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்றால், கடன் விஷயத்தை மறுபடி எடுத்துப் பேசலாம். அப்போது 10 இலட்சம் தேவைப்படாது என்பது என் கணிப்பு. மாடிச் சொந்தக்காரரிடம் சித்திரைக்குப் பிறகு முடிவு சொல்கிறோம் என்று சொல்லி வையுங்கள். வேறு யாரும் கேட்கிறார்கள் என்று அவசரப்படுத்தினாலும் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.